நம்மைத் தெரிந்த டாக்டர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்புகிறவர்கள் வீடு பார்க்கும்போது என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். போர் தண்ணீர் உப்பா, குடிக்கலாமா? மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்தே போய்விடலாமா? கடலூர், சிதம்பரம் பக்கம் வருகிறவர்கள் இந்தக் கேள்விகளை அவசியம் கேட்க வேண்டும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் மூன்றையும் தாங்கிய மாவட்டம் இது. ஆனால் அறுபதைத் தாண்டிய ஒருவர், "இந்தப் பகுதியில் நல்ல டாக்டர் யார்? பொதுவாக எல்லாவற்றுக்கும் யாரிடம் போவீர்கள்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. உடம்புக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். உடம்புக்கு வரும் நாள் தேடுவதற்கான நாள் அல்ல.

நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குக் குடிவந்தோம். அவள் பிறந்து வளர்ந்த ஊர். சென்னையில் எங்கள் தெரு முனையிலேயே ஒரு டாக்டர் இருந்தார். எம்.பி.பி.எஸ். மட்டும்தான். மரப் பெஞ்சு போட்ட சின்ன அறை, சாயங்காலம் ஆறு மணிக்குத் திறப்பார். என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது, அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டது எல்லாம் அவர் கண் முன்னால் நடந்தவை. என் மனைவிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. டாக்டர் அறைக்குள் காலை வைத்ததும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் முதலில் பார்த்த எண்ணை எழுதவே மாட்டார். கிரிக்கெட் பற்றியோ கரண்ட் பில் பற்றியோ பேச்சுக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது இன்னொரு முறை பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

புது ஊரில் நான் முதலில் போன இடத்தில் அந்த முதல் எண்ணே சீட்டில் ஏறியது. மாத்திரையின் அளவு கூடியது. இரண்டு வாரத்தில் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது. அந்த டாக்டர் தவறு செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கண்ட எண்ணுக்கு அவர் எழுதியது சரியான மருந்துதான். அவருக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல விரும்புகிறேன்.

சிதம்பரத்தில் மருத்துவ வசதி இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த அளவுள்ள வேறு எத்தனையோ ஊர்களுக்குக் கிடைக்காதது இதற்குக் கிடைத்திருக்கிறது. 1929-இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1980-இல் பல் மருத்துவக் கல்லூரி வந்தது. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. பல்கலைக்கழகத்தை 2013-இல் தமிழக அரசு தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் மருத்துவ மாணவர்கள் தனியார் கல்லூரி அளவுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கல்லூரிக் கட்டணம்தானே வாங்க வேண்டும் என்று கேட்டு, 2020 டிசம்பரிலிருந்து ஐம்பது நாட்களுக்கும் மேலாக அந்தப் பிள்ளைகள் போராடினார்கள். 2021 ஜனவரி இறுதியில் கல்லூரியும் மருத்துவமனையும் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. இப்போது அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. பேர் மாறினாலும் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் "ராஜா முத்தையா"தான். ஆட்டோக்காரரிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊருக்குள் காமராஜர் அரசு மருத்துவமனை தனியாக இருக்கிறது. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. நெய்வேலியில் என்.எல்.சி. ஊழியர்களுக்கென்று ஒரு மருத்துவமனை.

இவற்றுக்கெல்லாம் மேலே ஜிப்மர். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த நிறுவனம் அது. 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்று, 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, புவனகிரி என்று எந்தப் பக்கம் போனாலும், "பெரிய வியாதின்னா ஜிப்மருக்குப் போயிடு" என்பதுதான் பேச்சு. இருட்டு விலகும் முன்னே பஸ் ஏறி, கோரிமேட்டில் இறங்கி, சீட்டு வாங்கும் வரிசையில் நிற்பவர்களில் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் எவ்வளவு பேர் என்று அங்கே போய் ஒரு நாள் நின்றால் தெரியும். அந்த மருத்துவமனைக்கு நான் கைகூப்புகிறேன். ஏழைகளுக்கு அது செய்திருப்பதை அளவிட முடியாது.

ஆக, உடம்பு பெரிதாகக் கெட்டால் போவதற்கு இடம் இருக்கிறது. சிறிதாகக் கெட்டால் போவதற்குத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கால் மரத்துப்போகிறது, மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, மனைவி போனபின் சாப்பாடே பிடிக்கவில்லை. இவற்றை எந்தத் துறையின் வரிசையில் நின்று சொல்வது?

சிதம்பரத்தின் வீதிகளிலும் கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கமும் நடந்தால் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. இருதயம், சிறுநீரகம், நரம்பு, எலும்பு, தோல், சர்க்கரை. சிலர் புதுச்சேரியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வாரத்தில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அந்த நாளில் மெடிக்கல் கடை வாசலில் டோக்கனுக்குக் கூட்டம் நிற்கும். அவர்கள் ஊருக்குத் தேவையானவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை வரை அவர்கள் இங்கே இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் கதையைச் சொல்லிவிட்டால் நான் சொல்ல வருவது பாதி விளங்கிவிடும். சார் மகன் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தபோது அங்கே ஒரு இருதய டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார். இங்கே திரும்பியதும் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரும் ரத்த அழுத்தத்துக்கு ஒன்று எழுதினார். இரண்டு அட்டையிலும் பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றே: அம்லோடிபின். அளவு கூடினால் கால் வீங்கும் என்பது அந்த மருந்தின் குணம். சாருக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கின. சிறுநீரகமாக இருக்குமோ என்று பயந்து வேறொரு இடத்தில் காட்டினார்கள். அங்கே நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போனார். சோடியம் இறங்கியது. ஒரு விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போகும் வழியில் நிலை தடுமாறி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

இதில் சார் பார்த்த டாக்டர்கள் ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த தொல்லைக்குச் சரியாகத்தான் மருந்து எழுதினார்கள். முழுவதையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் இல்லை. கடைசியில் பார்த்தவர் எங்கள் இருவருக்கும் இப்போது டாக்டராக இருக்கும் பெரியவர். வீட்டில் உள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். மேஜையில் கொட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் இருந்த சிறிய எழுத்தைப் படித்தார். இரண்டை எடுத்துத் தனியே வைத்தார். "சார், இந்த ரெண்டும் வேண்டாம். பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். புதிதாக ஒரு மருந்தும் எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது சாருடைய கால் பழையபடி செருப்புக்குள் நுழைந்தது.

மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் நாட்டுக்கு நாடு எப்படி வேறுபடுகிறது என்று 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டிய ஒரு ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஸ்வீடனில் சராசரியாக இருபத்திரண்டரை நிமிடம். வங்கதேசத்தில் 48 நொடி. நம் நாட்டில் சுமார் இரண்டு நிமிடம். இதைப் படித்தவர்கள் பலரும் டாக்டர்களைத் திட்டினார்கள். எனக்குத் தோன்றியது வேறு. வாசலில் எண்பது பேர் காத்திருக்கும்போது யாராலும் இருபது நிமிடம் தர முடியாது. இந்த இரண்டு நிமிடம் சீக்கிரத்தில் நான்காகப் போவதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் முன்பின் தெரியாத டாக்டரால் என் கோப்பின் முதல் பக்கத்தைக்கூடப் படிக்க முடியாது. பத்து வருடமாக என்னைப் பார்த்து வருகிறவருக்கோ அந்த இரண்டு நிமிடம் தாராளம். கதவைத் திறந்து நான் நடந்து வரும் நடையிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். "என்ன, போன மாசத்தைவிட இளைச்சிருக்கீங்க?" என்ற கேள்வியை அவரால்தான் கேட்க முடியும்.

இதற்கு நார்வேயில் கணக்கே எடுத்துவிட்டார்கள். அங்கே 2001 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயர் சொல்லி ஒரு பொது மருத்துவர் உண்டு. சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே மருத்துவரிடம் ஓராண்டு இருப்பவர்களோடு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களை ஒப்பிட்டார்கள். நீண்ட நாள் பழக்கம் உள்ளவர்கள் நேரம் கெட்ட நேரத்தில் அவசர மருத்துவத்துக்கு ஓடுவது ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவாக இருந்தது. திடீரென்று மருத்துவமனையில் சேர்வதும் அதே அளவுக்குக் குறைவு. இறப்பு இருபத்தைந்து சதவீதம் குறைவு. ஒரு மாத்திரை இந்தப் பலனைத் தந்தால் உலகம் முழுவதும் அதற்கு விளம்பரம் வந்திருக்கும். பழக்கத்தை யார் விளம்பரம் செய்வார்கள்?

நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஐந்து ரூபாய் டாக்டர் என்று சென்னை கொண்டாடிய வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் இறந்தபோதும், வியாசர்பாடியின் திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்டில் இறந்தபோதும், பத்திரிகைகள் அவர்கள் வாங்கிய ஐந்து ரூபாயைத்தான் பெரிதாக எழுதின. அந்த எளிமை பெரியதுதான். அழுதுகொண்டு நின்ற மக்கள் இழந்தது அதைவிடப் பெரியது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையின் உடம்பையும் தெரிந்து வைத்திருந்த ஒரு மனிதரை அவர்கள் இழந்தார்கள். அது எந்தக் கோப்பிலும் எழுதப்படாத அறிவு. அவர்களோடு போய்விட்டது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் அதற்கு வேறு ஒரு வடிவம் இருந்தது. கணவன் எம்.டி., மனைவி டி.ஜி.ஓ. என்று இரண்டு பெயரும் போட்ட நர்சிங் ஹோம். கீழே புற நோயாளிகள், மாடியில் வீடு. பிரசவம் பார்த்த அம்மாவே அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலும் பார்ப்பார், பிறகு அதன் கல்யாணத்துக்கும் வருவார். அந்தத் தம்பதிகளுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் டாக்டராகி, மேல்படிப்பு படித்து, சென்னையிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். மாடியில் விளக்கு எரிகிறது, கீழே ஷட்டர் இறங்கிவிட்டது. இப்படி எத்தனை கட்டடங்களை நான் தாண்டிப் போகிறேன்!

தமிழ்நாட்டில் டாக்டர்களுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இவ்வளவு கல்லூரி உள்ள மாநிலம் நாட்டில் அரிது. ஆனால் எம்.பி.பி.எஸ். முடிக்கிற பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்து என்ன?" என்பதுதான். பொது மருத்துவராக ஒரு தெருவில் உட்கார்ந்துவிட்டால் மேலே படிக்க முடியாமல் போனவர் என்று பார்க்கிறோம். சம்பந்தம் பேசுகிற இடத்திலும் அதே பேச்சு. குடும்ப மருத்துவம் என்பதே தனியாகப் படிக்க வேண்டிய ஒரு துறை. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அதற்கென்று படிப்பே இருக்கிறது. அதைப் படித்தவரைத் தேடிப் போகும் நோயாளிகள் இல்லாவிட்டால் அதைப் படிக்க யார் வருவார்கள்?

காப்பீடும் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுவதற்கானது. நான் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை செய்தவன். சென்னையில் இருக்கும்வரை சி.ஜி.எச்.எஸ். மருந்தகம் இருந்தது, மாத்திரை அங்கேயே கிடைத்தது. அந்த வசதி புதுச்சேரியில் உண்டு, சிதம்பரத்தில் இல்லை. அது இல்லாத ஊரில் குடியிருக்கும் ஓய்வூதியருக்குப் புற நோயாளிச் செலவுக்காக மாதம் 1000 ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஊர் மாற நினைக்கும் மத்திய அரசு ஓய்வூதியர்கள் மூட்டை கட்டும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாயில் எத்தனை மாத்திரை வாங்கலாம் என்பது வேறு கணக்கு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனதார வாழ்த்துகிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு ஒரு பெண் வீட்டு வாசலுக்கே வருகிறாள். எங்கள் பின்தெருவில் நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு அவள் வரும் நாள்தான் மாதத்தில் நல்ல நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டர்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். இன்றைக்கு ஒருவர், மாற்றல் வந்தால் இன்னொருவர். நார்வேக்காரர்கள் நாடு முழுவதற்கும் செய்ததை நாம் ஒரு மாவட்டத்துக்குச் செய்து பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர். இந்தத் தெருக்களுக்கு இன்ன டாக்டர் என்று பெயர் சொல்லி, ஐந்தாறு வருடமாவது அவரை அங்கேயே இருக்க விட்டு, அதற்கு ஏற்ற சம்பளமும் மரியாதையும் தந்தால் என்ன? மாத்திரையை வீடு வரைக்கும் கொண்டு வர முடிந்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

அது வரும்வரை நாமேதான் தேட வேண்டும். நான் எப்படித் தேடினேன் என்று சொல்கிறேன்.

முதலில் சொந்தக்காரர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் பெயர் சொன்னார்கள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் இருக்கும் தம்பியைக் கேட்டேன். "நல்ல டாக்டர் யாருப்பா?" என்று கேட்டிருந்தால் தன் கடைக்குச் சீட்டு அனுப்புகிறவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டது வேறு: "தம்பி, உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா யார்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க?" அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க அம்மாவுக்குன்னா அந்தப் பெரியவர்தாங்கய்யா. சீட்டுல ரெண்டு மருந்துக்கு மேல இருக்காது. நமக்கு வியாபாரம் இல்ல, ஆனா அம்மா நல்லா இருக்காங்க" என்றார். ரத்தம் பரிசோதிக்கும் லேபில் இருக்கும் பெண்ணிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அதே பெயர் வந்தது.

உடம்பு நன்றாக இருக்கும்போதே போனோம். இது முக்கியம். காய்ச்சலோடு போனால் காய்ச்சலைத்தான் பேச முடியும். கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் எது என்று அங்கே இருந்த சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்த நேரத்துக்குப் போய், "டாக்டர், நாங்கள் இந்த ஊருக்குப் புதிது. இனிமேல் உங்களிடம்தான் வரப்போகிறோம்" என்று சொன்னோம். கொண்டுபோன கனமான கோப்பை நீட்டவில்லை. ஒரே ஒரு தாள். எனக்கும் அவளுக்கும் இருக்கும் நோய்கள், நடந்த ஆபரேஷன்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரைகள். மாத்திரைகளுக்குக் கம்பெனி வைத்த பெயர் எழுதவில்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதியிருந்தோம். சென்னையில் கிடைக்கும் கம்பெனி மருந்து இங்கே கிடைக்காமல் போகும், கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். மருந்தின் பெயர் தெரிந்தவருக்குக் குழப்பம் வராது. தலைமையாசிரியர் சாருக்கு நேர்ந்ததும் நேராது. என் ரத்த அழுத்தம் டாக்டரைக் கண்டால் ஏறும் என்பதையும் கடைசி வரியில் எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, வீட்டிலேயே காலையும் மாலையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னார். அதிலிருந்து என் மாத்திரை பழைய அளவுக்கு வந்தது. தலைசுற்றல் நின்றது.

நாட்டு மருந்தையும் மறைக்கக் கூடாது. நம் ஊர்ப்பக்கம் கஷாயம், லேகியம், சித்த மருந்து சாப்பிடாத வீடு கிடையாது. டாக்டர் திட்டுவாரோ என்று அதை மட்டும் சொல்லமாட்டோம். சர்க்கரைக்கு மாத்திரையும் சாப்பிட்டு, சர்க்கரையை இறக்கும் சூரணமும் சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து இறக்கிவிடும். என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் அங்கே இணையத்தில் பார்த்துவிட்டு, "அந்த டாக்டர் வேண்டாம், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று வாரத்துக்கு ஒரு முறை போனில் சொன்னால், அம்மா அப்பாவுக்கு யாரிடமும் நம்பிக்கை வேர்விடாது. ஊருக்கு வரும்போது அந்த டாக்டரை நேரில் பார்த்து உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதுவே பெரிய உதவி.

அவசரத்துக்கான வழி வேறு. அதற்கு இந்தப் பழக்கம் உதவாது, முன்கூட்டித் தெரிந்திருப்பதுதான் உதவும். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். நெஞ்சு வலி வந்தாலும் நேரம்தான் உயிர். அந்த நேரத்தில் குடும்ப டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டுவதில் பயனில்லை, 108-ஐக் கூப்பிட வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்கேன் எங்கே எடுப்பார்கள், அங்கே போகப் பத்து நிமிடமா முக்கால் மணி நேரமா என்பதைச் சாதாரண நாளில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் இருப்பவர் 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலூருக்கோ அதையும் தாண்டிப் புதுச்சேரிக்கோ ஓடும் முன், பக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரியை நினைக்க வேண்டும். ஆனித் தேரும் மார்கழித் தேரும் ஓடும் நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் வண்டி போகாது. வீதிக்குள் குடியிருப்பவர்கள் அந்த நாட்களில் எந்தச் சந்து வழியாக வெளியே வரலாம் என்பதைக்கூட யோசித்து வைத்திருப்பது நல்லது.

எங்கள் டாக்டருக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. அவர் பிள்ளைகள் இருவரும் டாக்டர்கள்தான். இங்கே திரும்பி வரப்போவதில்லை. கொஞ்ச நாளாக ஓர் இளம் டாக்டரை வாரத்தில் இரண்டு மாலை தன் அறையிலேயே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்கிறார். காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பெண். பகலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. பெரியவர் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அவளிடம் சொல்லிக் கொடுக்கிறார்: இவருக்கு உப்பு ஆகாது, இந்தம்மா மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவார், அந்த ஐயாவுக்குக் காது கேட்காது, சத்தமாகச் சொல்.

வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் பலர் அவளிடம் போக மறுக்கிறார்கள். "பெரிய டாக்டர் ஃப்ரீ ஆகட்டும், நாங்க இருக்கோம்" என்கிறார்கள். நானும் என் மனைவியும் அவளிடமே போகிறோம். பெஞ்சில் இருக்கும் என் வயதுக்காரர்களிடம் சொல்லியும் பார்க்கிறேன்: "நாம யாரும் போகலைன்னா அந்தப் பொண்ணு மேல்படிப்பு முடிச்சிட்டுச் சென்னையிலேயே தங்கிடும். அப்புறம் நம்மளை யாரு பார்க்கிறது?" போன வாரம் ஒரு பாட்டி மட்டும் எழுந்து உள்ளே போனார். தலைமையாசிரியர் சார் இன்னும் பிடிவாதமாகத்தான் இருக்கிறார். அடுத்த முறை அவரை என்னோடு கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.